குடியாத்தத்திலிருந்து நைனா எழுதுவது

அன்புள்ள குமரனுக்கு,

இங்கு நானும் அம்மாவும் சுகம். போன வாரம் இலவம்பாடி முள்ளுக்கத்திரிக்காய் கிடைத்தது. குழம்பு வைத்துவிட்டு அம்மா சரியாகச் சாப்பிடவில்லை. பொங்கலுக்கு அப்புறம் உன் குரலைக் கேட்கவில்லை. வேலை இருக்கும், தெரியும். அதைப் பற்றி எழுத உட்காரவில்லை.

எதிர்வீட்டுப் பையன் என் போனில் எக்ஸ், அதுதான் பழைய ட்விட்டர், கணக்கு திறந்து கொடுத்தான். காலையில் எழுந்ததும் உன் பக்கத்தைத்தான் பார்க்கிறேன். ராத்திரி 2.40-க்கு முகம் தெரியாத எவனுக்கோ பதில் போட்டிருக்கிறாய். பிள்ளை நன்றாக இருக்கிறான் என்று அதை வைத்துத்தான் அம்மாவிடம் சொல்கிறேன். நேரத்துக்குத் தூங்கு.

நெசவாளர் கூலியைப் பற்றி எழுதியிருந்தாயே, அதைக் கடைத்தெருவில் இரண்டு பேருக்குப் படித்துக் காட்டினேன். அவ்வளவு பெருமை. அதைப் பார்த்தவர்கள் நாற்பது பேர்கூட இல்லை. ஒருவனுடைய தாயை இழுத்துத் திட்டினாய், அது ஆயிரக்கணக்கில் ஓடியிருக்கிறது. எதை மேலே தள்ளுவது என்று முடிவு பண்ணுவது நீயா? ஈலான் மஸ்க் 2022 அக்டோபரில் 4,400 கோடி டாலர் கொடுத்து அந்த இடத்தை வாங்கினார். சில வாரத்தில் ஊழியர்களில் பாதிப் பேர் வெளியே. 2024-இல் டிரம்ப் ஜெயிக்க 25 கோடி டாலருக்கு மேல் செலவு செய்தார். ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப் மூன்றும் மெட்டாவுடையவை. அங்கே பங்குதாரர் ஓட்டில் பாதிக்கு மேல் அதன் தலைவர் சக்கர்பெர்க் ஒருவர் கையில். மற்ற பங்குதாரர்கள் எல்லாரும் சேர்ந்து வேண்டாம் என்றாலும் அவர் நினைத்ததுதான் நடக்கும். நீ தூக்கம் கெட்டுத் திட்டுவது அவர்களுக்கு வியாபாரம், கண்ணு. ராத்திரியில் போனை அடுத்த அறையில் வை.

நம் அச்சகத்தில் தேர்தல் நோட்டீஸ் அடித்தால் கீழே அச்சிட்டவர் பெயரும் வெளியிட்டவர் பெயரும் முகவரியோடு இருக்க வேண்டும், அது சட்டம். அந்த வரியைக் கோர்த்து முடிக்காமல் ட்ரெடில் மெஷினின் மிதியில் கால் வைக்க மாட்டேன். சின்ன வயதில் எழுத்துக்கூட்டிப் படித்துக் காட்டுவாயே, அந்த வரிதான். ஊரில் கலகம் வந்தால் போலீஸ் முதலில் என் கதவைத்தான் தட்டும். இத்தனை கோடிப் பேருக்குச் செய்தி கொண்டுபோகிறவர்கள், நாங்கள் வெறும் மேடைதான் என்கிறார்கள்.

இதைச் சொல்ல எனக்கு வாய் இல்லை. 2018 நினைவிருக்கிறதா? வடநாட்டு ஆட்கள் பிள்ளை பிடிக்க வந்திருக்கிறார்கள் என்று வாட்ஸ்அப்பில் ஒரு குரல் பதிவு சுற்றியது. மே மாதம் போளூர் பக்கம் அத்திமூரில், குலதெய்வம் கும்பிட சென்னையிலிருந்து வந்த ஒரு வயதான அம்மா, குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார். அதற்காக அடித்தே கொன்றார்கள். நீ அன்றைக்கே போன் பண்ணி, 'நைனா, நீங்க அதை யாருக்கும் அனுப்பலையே?' என்று கேட்டாய். இல்லை என்றேன்.

அனுப்பினேன், குமரா. மூன்று குரூப்புக்கு அனுப்பினேன். பேசியவன் யார் என்று பார்க்கவில்லை. அச்சில் முப்பது வருஷம் பெயர் போட்டவன், பெயரில்லாத குரலை நம்பினேன். ஜூலையில்தான் இந்தியாவில் ஒரே தடவையில் ஐந்து பேருக்கோ குரூப்புக்கோ மேல் ஃபார்வர்டு பண்ண முடியாது என்று வைத்தார்கள். நான் அனுப்பியது எங்கெங்கே போனது என்று இன்றைக்கும் தெரியாது. அம்மாவிடம்கூடச் சொன்னதில்லை.

பொங்கலன்று மாமா முன்னால் உன் போனைப் பிடுங்கியது தப்பு. உன்னை அடக்க நினைக்கவில்லை. நீ எழுது, நெசவாளரைப் பற்றி இன்னும் எழுது. பயந்துவிட்டேன், அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை அம்மா கோயிலுக்குப் போய்விட்டுப் பதினோரு மணிக்கு வந்துவிடுவாள். அவள் போனுக்கே கூப்பிடு. நான் பக்கத்தில்தான் இருப்பேன்.

தூங்கு.

நைனா