பூட்டு இருக்க வேண்டிய இடம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தங்கள் ஞாயிறு பதிப்பின் கணினிப் பகுதியில், லினக்ஸ் இயங்குதளத்தில் டிரைவர் (ஒரு சாதனத்தை இயக்கும் நிரல்) எழுதுவோர், இன்டரப்ட் கையாளிக்குள் (சாதனம் செயலியை இடைமறித்து அழைக்கும்போது ஓடும் நிரல்பகுதி) எப்போதும் 'ஸ்பின் லாக் ஐஆர்க்யூ சேவ்' பூட்டையே போட வேண்டும் என்று வந்த அறிவுரையைப் படித்தேன். ஒரே தரவை இருவர் ஒரே நேரத்தில் தொடாமல் காக்கும் 'ஸ்பின் லாக்' பூட்டு, கிடைக்கும்வரை செயலியைச் சுழன்று காத்திருக்க வைக்கும்; 'ஐஆர்க்யூ சேவ்' வகையோ அத்துடன் அந்தச் செயலியில் இன்டரப்டுகளையும் நிறுத்தும். பாடாங் செராய் வட்டாரத்துச் செம்பனை ஆலையொன்றில் லாரி எடைமேடைக் கணினியைப் பராமரிக்கும் நான் அதை ஏற்க இயலவில்லை.

2010-இல் வெளிவந்த லினக்ஸ் 2.6.35 பதிப்பு முதல், கையாளி ஓடி முடியும்வரை அந்தச் செயலியில் இன்டரப்டுகளை, இயங்குதளத்தின் கருவான கெர்னலே நிறுத்திவைக்கிறது. ஏற்கெனவே நிறுத்தப்பட்டதை மறுபடி நிறுத்துவதில் பயனில்லை. சாதாரண 'ஸ்பின் லாக்' போதும். பூட்டே வேண்டாம் என்று நான் கூறவில்லை, ஏனெனில் இன்னொரு செயலியில் ஓடும் நிரல் அதே தரவை அதே கணத்தில் தொடக்கூடும்.

வீணாகும் நேரம் அற்பமே. ஆனால் எங்கள் எடைமேடை டிரைவரை எழுதியவர், கையாளிக்குள் அந்தப் பெரிய பூட்டைப் போட்டுவிட்ட நிம்மதியில், எடையைப் படிக்கும் சாதாரணச் செயற்கூற்றில் இன்டரப்டை நிறுத்தாத வெறும் பூட்டைப் போட்டிருந்தார். அச்செயற்கூறு பூட்டைப் பிடித்திருக்கும்போதே அதே செயலியில் இன்டரப்ட் வந்தால், கையாளி அந்தப் பூட்டுக்காகச் சுழன்றுகொண்டே இருக்கும். பூட்டை விடவேண்டிய செயற்கூறோ கையாளி முடிந்தால்தான் நகர முடியும். குலை ஏற்றிய லாரிகள் சாலைவரை வரிசையில் நிற்க, கணினி உறைந்துபோன காலைகள் பல. இரண்டு பூட்டுகளையும் இடம் மாற்றிய பிறகு அது ஒருமுறைகூட நிற்கவில்லை.

விலக்கு ஒன்று உண்டு. கையாளிகளை இழைகளாக (கெர்னல் முறைவைத்து ஓட்டும் தனி ஓட்டங்களாக) ஓட்டும் 'திரெட்ஐஆர்க்யூஸ்' தெரிவை இயக்கிய பழைய கெர்னல்களில், கையாளி இன்டரப்டுகள் திறந்த நிலையிலேயே ஓடியது, 2021-இன் 5.12 பதிப்பில் அதுவும் மாற்றப்பட்டது. டிரைவரே கேட்டுப் பெறும் தனி இழைக் கையாளிக்கு இந்த எளிமை பொருந்தாது. ஆதலால் ஒவ்வொரு பூட்டையும் எந்தெந்த இடங்களில் யார் பிடிக்கிறார்கள் என்று எழுதிப் பார்த்த பின்னரே கை வைக்க வேண்டும்.

தோட்டத்துப் பிள்ளைகள் பலர் இன்று கூலிம் தொழில்நுட்பப் பூங்கா வேலையை நம்பிப் படிக்கிறார்கள்; தமிழில் இத்தகைய பாடம் அவர்களுக்கு அரிதாகவே கிடைக்கிறது. அக்கட்டுரையைக் கத்தரித்து வைத்திருப்பவர்களின் கண்ணில் படும்படி, அதே பகுதியில் இத்திருத்தத்தை வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர், பாடாங் செராய், கெடா