காரிமங்கலம் டிக்கெட்டில் கிருஷ்ணகிரி வரை வந்தவருக்கு

எல்லோருக்கும் வணக்கம்.

கழுத்திலிருக்கும் தைராய்டு சுரப்பியை அறுவை சிகிச்சையில் முழுவதும் எடுத்து, என்னை வீட்டுக்கு அனுப்பிய பிறகு பஸ்ஸில் நடந்தது உங்களில் பெரும்பாலோருக்குத் தெரியும். வார்டுக்கு வந்து பார்த்தீர்கள். வர முடியாதவர்கள் தம்பியிடம் தினமும் விசாரித்தீர்கள். அதனால் அந்தக் கதையை மறுபடி விரிக்கவில்லை. வீடு திரும்பிப் பதினோரு நாள் ஆகிறது. பேனாவைப் பிடிக்க விரல்கள் சம்மதிக்கின்றன. அந்த விரல்களைப் பற்றித்தான் எழுத வேண்டியிருக்கிறது.

தருமபுரியில் பஸ் ஏறும்போதே உதட்டைச் சுற்றி மரத்திருந்தது. மயக்க மருந்தின் மிச்சம் என்று நினைத்துக்கொண்டேன். தம்பி பின் இருக்கையில் தூங்கிவிட்டான். பக்கத்தில் ஓர் அம்மா, மடியில் வளையல் பெட்டி. ஊர் எல்லை தாண்டியதும் விரல் நுனிகளில் எறும்பு ஊர்வதுபோல் இருந்தது. பிறகு வலது கை தானாக இறுகியது. மணிக்கட்டு வளைந்து, நான்கு விரல்களும் நீண்டு ஒட்டிக்கொள்ள, கட்டைவிரல் உள்ளே போனது.

“வளையல் போடவா கண்ணு கையைக் குவித்திருக்கிறாய்?” என்று அந்த அம்மா சிரித்தார். நான் சிரிக்காததைப் பார்த்ததும் என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். கட்டைவிரலின் அடிமேட்டை அழுத்தி உருட்டினார். “எவ்வளவு முரட்டுக் கையாக இருந்தாலும் இங்கே பிடித்தால் இளகிவிடும். முப்பது வருடமாகப் பிடிக்கிறேன். இது இளகவில்லையே.” அப்போதுதான் என் கழுத்துக் கட்டைக் கவனித்தார். எழுந்து நின்று கண்டக்டரைக் கூப்பிட்ட அந்தக் குரல் இன்னும் காதில் இருக்கிறது.

பஸ் முழுவதும் வைத்தியர்கள் ஆனார்கள். ஒருவர் வலிப்பு என்று சாவிக்கொத்தை என் கையில் திணிக்க வந்தார். இன்னொருவர் ஃப்ளோரைடு என்றார். அவரைக் குறை சொல்ல முடியாது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் 2013இல் வருவதற்கு முன் ஃப்ளோரைடு மிகுந்த இந்த மண்ணின் தண்ணீரைக் குடித்தே எலும்பு இறுகிப்போனவர்களைப் பார்த்து வளர்ந்த ஊர்க்காரர்கள் நாம். அந்த அம்மா சாவியைத் தட்டிவிட்டார். “கண் தெளிவாக இருக்கிறது, பேசுகிறாள். வலிப்பாவது ஒன்றாவது! ஆஸ்பத்திரிக்கு விடுங்கள்.”

காரிமங்கலத்தில் அவர் இறங்க வேண்டும். இறங்கவில்லை. அன்றைய வியாபாரம் அத்தனையும் அந்த நிறுத்தத்தில் போயிற்று. காவேரிப்பட்டணத்தில், என் சொந்த ஊரில், பஸ் நின்ற நேரத்தை மூச்சில் எண்ணிவிடலாம். இறங்குகிறவர்கள் முணுமுணுக்காமல் குதித்து இறங்கினார்கள். கிருஷ்ணகிரி அரசு மருத்துவமனை வாசல் வரை அந்தக் கை என் கையை விடவில்லை.

அங்கே இருந்த பணி மருத்துவர் வயதில் சின்னவர். ரத்த அழுத்தப் பட்டையைக் கட்டி, காற்றடித்து, இறக்காமலே வைத்திருந்தார். சற்று இளகியிருந்த கை மறுபடி குவிந்தது. இதை 19ஆம் நூற்றாண்டில் கவனித்து எழுதியவர் த்ரூஸோ என்ற பிரெஞ்சு மருத்துவராம். பிரசவம் பார்க்கும் மருத்துவரின் கைபோல என்று அவர்கள் புத்தகங்களில் இருக்கிறதாம். வளையல் போடும் கை என்று எங்கள் வளையல்கார அம்மா அதற்கு முன்பே சொல்லிவிட்டார் என்றேன். எனக்கு அதுதான் சரியாகப் படுகிறது.

ரத்தத்தில் கால்சியம் 6.3. குறைந்தது 8.5 இருக்க வேண்டும். தினமும் கேழ்வரகுக் களி தின்கிறவளுக்கா கால்சியக் குறைவு என்று ரோஷத்தோடு கேட்டேன். மருத்துவர் மருந்துச் சீட்டின் பின்புறம் படம் வரைந்தார். தைராய்டின் முதுகில் அரிசி மணி அளவில் நான்கு பாராதைராய்டு சுரப்பிகள். உடம்பின் கால்சியத்தில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்கு எலும்பிலும் பல்லிலும் கிடக்கிறது. ரத்தத்தில் குறைந்தால் எலும்பிலிருந்து எடுக்கவும், சிறுநீரில் போவதைச் சிறுநீரகத்தில் தடுக்கவும், வைட்டமின் டி-யை முடுக்கிக் குடல் வழியாக உணவிலிருந்து இழுக்கவும் இந்த நான்கும்தான் உத்தரவு கொடுக்கின்றன. குதிர் நிறையத் தானியம் இருந்தும் திறக்க ஆளில்லாத வீடாக இருந்திருக்கிறேன். கால்சியம் இறங்கினால் நரம்புகள் அடங்குவதில்லை. கேட்காமலே தசையை இழுக்கின்றன.

தைராய்டு நிதானக்காரர். அதை முழுவதும் எடுத்த பிறகும், அது சுரந்துவைத்த தைராக்ஸின் என்ற ஹார்மோன் பாதியாகக் குறையவே ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும். சோர்வு, குளிர், மந்தமான நாடித்துடிப்பு எல்லாம் மெதுவாகத்தான் வந்திருக்கும். பாராதைராய்டின் ஹார்மோனோ சில நிமிடங்களில் தீர்ந்துவிடும். அறுவை சிகிச்சையில் அந்தச் சுரப்பிகளுக்கு ரத்த ஓட்டம் தடைபட்டிருந்தால் இரண்டு மூன்று நாளில் கை காட்டிக் கொடுத்துவிடுகிறது. மூன்றாம் நாள் கால்சியம் பார்க்காமலே என்னை வீட்டுக்கு அனுப்பிய இடத்தின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. கோபம் இருக்கிறது, இந்த மடலில் அதற்கு இடமில்லை.

பத்து நிமிடத்துக்கு மேல் எடுத்து, இதயத் துடிப்பைத் திரையில் பார்த்தபடி சொட்டுச் சொட்டாகக் கால்சியம் ஊசி ஏற்றிய செவிலியர், பயணிகளிடம் சமாதானம் சொன்ன கண்டக்டர், ஓட்டுநர், என் ஏழாம் வகுப்பைப் பங்கிட்டுக்கொண்ட சக ஆசிரியைகள், நாத்தனார், தூங்கிய குற்றத்துக்கு ஐந்து நாள் தூங்காமல் கிடந்த தம்பி, எல்லோருக்கும் என் நன்றி. தனித்தனியாக வந்து சொல்வேன்.

ஊசி ஏறியபோது உடம்பெல்லாம் வெதுவெதுப்பாகப் பரவி, விரல் ஒவ்வொன்றாக விலகியது. அந்த அம்மா இன்னும் வாசலில்தான் இருந்தார். உள்ளே வந்து பெட்டியைத் திறந்து, “இப்போது நீயாகக் குவி, பார்க்கலாம்” என்றார். குவித்தேன். இரண்டு பச்சைக் கண்ணாடி வளையல்களை ஏற்றினார். காசு வாங்கவில்லை. பெயர் கேட்க எனக்குத் தோன்றவில்லை, அழுதுகொண்டிருந்தேன்.

காலை எழுந்ததும் வெறும் வயிற்றில் தைராக்ஸின் மாத்திரை, அதற்கு நான்கு மணி நேரம் கழித்துத்தான் கால்சியம் என்பதை இனி ஒரு நாளும் தவறவிட மாட்டேன். இரண்டும் சேர்ந்து போனால் கால்சியம் தைராக்ஸினை உடம்பில் சரியாகச் சேரவிடாது.

மறுநாள் ரத்தம் எடுக்கும்போது ஒரு வளையல் உடைந்துவிட்டது. மற்றது இதை எழுதும்போதும் மேசையில் தட்டுகிறது. காரிமங்கலம் பக்கம் போகிறவர்கள் நீலத் தகரப் பெட்டியோடு ஒரு வளையல்காரம்மாவைப் பார்த்தால் சொல்லுங்கள்: கால்சியம் 8.7க்கு வந்துவிட்டது, உடைந்த ஒன்றுக்குப் பதில் ஒரு டஜன் வாங்க வருகிறேன், இந்த முறை காசு வாங்கியே ஆக வேண்டும்.