ஆண்டறிக்கை: அருங்காட்சியக முற்றத்தில் ஆடிய மழை

தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, மன்றத்து உறுப்பினர்களே, வணக்கம்.

செயற்குழு இவ்வாண்டு ஒன்பது முறை கூடியது. இரண்டு முறை போதிய உறுப்பினர் வராமல் கலைந்தது. நூலகத்துக்கு அலமாரி வாங்கியாயிற்று. பொங்கல் கோலப்போட்டி வழக்கம்போல் நடந்தது, பரிசுத் தகராறும் வழக்கம்போல் வந்தது. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். மிச்ச நேரத்தை, கார்த்திகையில் பாளையங்கோட்டை அரசு அருங்காட்சியக முற்றத்தில் நம் பிள்ளைகள் ஆடிய பருவ நடனத்துக்கு எடுத்துக்கொள்கிறேன்.

முதலில் போட்ட திட்டம் இலக்கணத்தில் உள்ள ஆறு பருவம். ஆவணி, புரட்டாசி என்றால் கார்காலம். ஒத்திகை பார்க்க வந்த வயற்காரர் ஒருவர், நம் மூத்த உறுப்பினர்தான், "ஆவணியில மழையா? பாளையங்கோட்டையிலயா வே?" என்று கேட்டார். அத்தோடு அந்தத் திட்டம் முடிந்தது. அப்போது இங்கே புழுதிதானே பறக்கும்! மேற்கே மலை மறித்துக்கொள்வதால் தென்மேற்குப் பருவமழை குற்றாலத்துச் சாரலாகவும் பாபநாசம் அணைத் தண்ணீராகவும் நின்றுவிடுகிறது. நமக்குக் கிடைப்பது காற்று. ஆனாலும் அந்த மலைமழையை நம்பித்தான் கார் என்னும் முதல் போக நெல் நடுகிறோம். ஐப்பசி, கார்த்திகை அடைமழை நம் தலையிலேயே பெய்வது, அது பிசானம் என்னும் அடுத்த போகத்துக்கு. ஆகவே ஆனிச் சாரல், ஆடிக் காற்று, கார் அறுப்பு, அடைமழை, பிசான அறுப்பு, சித்திரைக் கொடை (கோயில் திருவிழா) என்று நடனத்தை மாற்றினோம்.

ஆதிச்சநல்லூரில் 2004-05 அகழாய்வில் கிடைத்த பானை ஓடு ஒன்றில் ஒரு பெண், நெற்கதிர், கொக்கு, மான் ஆகியவை புடைப்பாக ஒட்டப்பட்டிருக்கின்றன. முதல் நிலை அதிலிருந்து எடுத்தது. கொக்காக நின்ற சிறுமி ஒற்றைக் காலில் அசையாமல் நின்றதைப் பார்த்து அவள் ஆச்சிக்கே நம்பிக்கை வரவில்லை.

பரதம் படிக்கும் பிள்ளைகளோடு, கோயில் கொடைகளில் மகுடம் என்னும் தோற்பறை அடித்துப் பாடி ஆடும் கணியான் கூத்துக் குழுவைச் சேர்ப்பதில் சிலருக்கு விருப்பமில்லை. அது குறிப்பேட்டில் இருக்கிறது. கொடைக்குக் கொடை கேட்டு வளர்ந்த மகுடத்தை விட்டுவிட்டு இந்த மண்ணின் மழையை எதைக்கொண்டு அடிப்பது என்பது என் கட்சி. ஆனால் அன்று மாலை தூறல். ஈரத்தில் தோல் தளர்ந்து, மேல் சுருதியில் பேச வேண்டிய உச்ச மகுடம் கீழ் சுருதி மந்த மகுடம்போல் ஒலித்தது. "சார்வாள், தோலு இறங்கிட்டு. தீ காட்டாம பேசாது" என்றார் கூத்துக் குழுவை நடத்தும் அண்ணாவி. அருங்காட்சியகத்துக்குள் தீ மூட்டலாமா? எதிரே டீக்கடை அடுப்பில் காய்ச்சிக் கொண்டுவந்தோம். அரைமணி தாமதம் அதனால்தான்; புகார் எழுதியவர்களுக்கு இதுவே பதில்.

வெள்ளத்தை ஆடுவதா, எப்படி ஆடுவது என்பதில்தான் செயற்குழு இரண்டாகப் பிரிந்தது. பொதிகை மலையில் பெய்வது தாமிரபரணி ஆறாக ஓடி, புன்னைக்காயலில் கடல் சேர்ந்து, மேகமாகி மலைக்குத் திரும்பும். இந்த வட்டத்தை ஆடிவிடலாம். 2023-இல் மார்கழி பிறந்த அன்று பிடித்த மழையை இதில் எங்கே வைப்பது? காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. கொட்டியது. காற்று ஒரு டிகிரி சூடேறினால் சுமார் 7 விழுக்காடு கூடுதலாக நீராவியைத் தாங்கும், அதனால் கொட்டும்போது மொத்தமாகக் கொட்டும் என்று ஓய்வுபெற்ற பூகோள ஆசிரியர் பிள்ளைகளுக்கு விளக்கினார். அதற்கு அபிநயம் யாருக்கும் பிடிபடவில்லை. அண்ணாவிதான் கேட்டார்: "அன்னைக்கு யாரு ஆடினா? எல்லாரும் மொட்டைமாடியில நின்னு பாத்துக்கிட்டுல்லா இருந்தோம்?"

அப்படியே செய்தோம். அடைமழை ஆட்டம் உச்சத்தில் இருக்கும்போது பிள்ளைகள் ஆட்டத்தை நிறுத்தி, படிக்கட்டில் ஏறி, கீழே வெறுந்தரையைப் பார்த்தபடி நின்றார்கள். மந்த மகுடம் மட்டும் ஒலித்தது. அந்த வெள்ளத்தில் ஆற்றிலுள்ள குறுக்குத்துறை முருகன் கோயில் முங்கியதைப் பார்த்தவர்களுக்கு வேறு விளக்கம் தேவைப்படவில்லை. மைக் செட்காரர்தான் இடைவேளை என்று நினைத்து சினிமாப் பாட்டைப் போட்டுவிட்டார். ஓடிப்போய் நிறுத்தியது நான்.

கூத்துக் குழுவின் சம்பளம் பதினைந்து நாள் தாமதமாயிற்று. நன்கொடையாளர் ஒருவரின் காசோலை திரும்பியது காரணமானாலும், கையில் பணம் இல்லாமல் கலைஞர்களை அழைத்தது நம் தவறு. அதைப் பதிவு செய்யக் கேட்டுக்கொள்கிறேன். சித்திரை, வைகாசியில் அவர்களுக்குக் கொடைகள் இருப்பதால், அடுத்த ஆட்டத்துக்கு ஆடியில்தான் தேதி தந்திருக்கிறார்கள். முன்பணம் இந்தக் கூட்டத்திலேயே திரட்டியாக வேண்டும்.

இவ்வறிக்கையை ஏற்று நிறைவேற்றித் தர வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்