மழைக்கு முன் ஒரு கவாத்து

ஆலங்குடி,
புரட்டாசி 6.

அன்புள்ள நண்பா,

வணக்கம். முழங்கால் வலி தணிந்து மறுபடியும் காலையில் நடக்கத் தொடங்கிவிட்டாய் என்று நீ எழுதியிருந்ததைப் படித்து, நானும் வீட்டில் உள்ளவர்களும் மிகவும் மகிழ்ந்தோம். மாவும் முருங்கையும் மொட்டைமாடிக்குள் நீண்டுவிட்டன, மரம் கழிக்க ஆள் கிடைக்கவில்லை, பேட்டரியில் ஓடும் சிறிய செயின் சா (சங்கிலி ரம்பம்) ஒன்றை வாங்கலாமா என்று கேட்டிருந்தாய். ஆனி மாதம் முதல் அப்படிப்பட்ட ஒன்றை நானே கையாண்டு வருவதால், தாராளமாக வாங்கு என்றே சொல்வேன். ஆனால் வாங்கிய அன்றே மரத்தில் வைத்துவிடாதே.

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் எங்கள் பக்கத்தைப் புரட்டிப் போட்டதை நீ அறிவாய். அன்று எங்கள் கொல்லைப் பலா, காற்றுக்கு வழிவிடாமல் அடர்ந்திருந்த தலைப்பாரத்தால்தான் வேரோடு சாய்ந்தது என்பது என் எண்ணம். அது முதல், வடகிழக்குப் பருவமழைக்கு முன் மரங்களின் பாரத்தைக் குறைக்காமல் நான் விடுவதில்லை. முன்பு அரிவாளால் கழித்துக் கொடுத்த பெரியவரால் இப்போது மரம் ஏற முடியவில்லை. அரிவாள் வெட்டில் எனக்கு ஒரு மனக்குறையும் உண்டு: பாதி வெட்டியதும் கிளை தன் பாரத்தாலேயே முறிந்து, அடிமரத்துப் பட்டையை ஒரு முழத்துக்கு உரித்துக்கொண்டு இறங்கிவிடும்.

என்னிடம் இருப்பதில், சங்கிலி சுற்றி ஓடும் கைடு பாரின் நீளம் ஆறு அங்குலம். மொத்த எடை ஒன்றரைக் கிலோ இருக்கும். பெட்டியில் 21 வோல்ட் என்று அச்சிட்டிருப்பதைப் பார்த்து, 18 வோல்ட் கருவியைவிட அது வலுவானது என்று எண்ணிவிடாதே. இரண்டிலும் வரிசையாக இணைத்த ஐந்து லித்தியம் செல்கள்தாம். முழுதாகச் சார்ஜ் ஏறியவுடன் ஒவ்வொன்றும் 4.2 வோல்ட் காட்டும், ஐந்தும் சேர்ந்து 21; வேலையின்போது 3.6 வோல்ட் அளவில் நிற்கும், ஐந்தும் சேர்ந்து 18. மணிக்கட்டுப் பருமனுள்ள கொய்யாக் கிளை சில நொடிகளில் அறுந்து விழுகிறது. நான்கு அங்குலத்துக்கு மேற்பட்ட கிளைகளில் நான் அதை வைப்பதில்லை.

அந்த வேகம்தான் என்னைக் கவலைப்பட வைத்தது. அரிவாளோடு ஒரு கிளையில் கால்மணி நேரம் போராடும்போது, இதை வெட்டத்தான் வேண்டுமா என்று யோசிக்க அவகாசம் இருக்கும். இதில் யோசிப்பதற்குள் கிளை தரையில் கிடக்கும். முதல் வாரத்திலேயே நாரத்தையில் காய்ப்புக் கிளைகள் இரண்டை இழந்தேன். அதற்குப் பிறகு, முந்தின நாளே மரத்தைச் சுற்றி வந்து கழிக்க வேண்டியவற்றில் சுண்ணாம்பால் குறியிட்டுவிட்டு, மறுநாள்தான் ரம்பத்தைக் கையில் எடுக்கிறேன்.

அறுக்கும் முறையை நீ பொறுமையாகக் கற்றுக்கொள்ள வேண்டும். அடிமரத்திலிருந்து ஓரடி தள்ளி, முதலில் கிளையின் அடிப்பக்கத்தில் கால்பங்கு ஆழத்துக்கு ஒரு வெட்டு; அதற்குச் சற்று வெளியே மேலிருந்து இரண்டாவது வெட்டு. பாரம் இறங்கிய பிறகு, மிஞ்சிய கட்டையை, கிளை அடிமரத்தோடு சேரும் இடத்தில் வளையம்போல் புடைத்திருக்கும் கழுத்துக்கு வெளியே, அதைக் காயப்படுத்தாமல் அறுத்தெடுக்க வேண்டும். அமெரிக்க வனத்துறையில் பணியாற்றிய அலெக்ஸ் ஷைகோ, ஆயிரக்கணக்கான மரங்களைச் செயின் சாவாலேயே நீளவாக்கில் பிளந்து பார்த்து, மரம் தன் காயத்தை நம் தோலைப்போல ஆற்றிக்கொள்வதில்லை என்றும், அழுகல் பரவாதபடி உள்ளே தடுப்பு எழுப்பி அதன்மேல் புது மரத்தை வளர்த்துக்கொள்கிறது என்றும் விளக்கினார். கழுத்தையே சீவிவிட்டால் அந்தத் தடுப்பின் வலு குறைந்துவிடும். காயத்தில் தாரும் பெயின்ட்டும் பூசுவதால் அழுகல் நிற்காது என்பதும் அவர் முடிவு. நம் பக்கத்தில் போர்டோ பசை பூசச் சொல்வார்கள். அது பூஞ்சாணத்தைத் தடுக்கும் மருந்து என்பதால், மழை நெருங்கும் காலத்தில் பெரிய வெட்டுகளுக்கு மட்டும் நூறு கிராம் மயில்துத்தமும் நூறு கிராம் சுண்ணாம்பும் ஒரு லிட்டர் நீரில் கலந்து பூசுகிறேன். இரும்புப் பாத்திரத்தில் மட்டும் கலக்காதே.

இனி நான் சொல்வதைத் தயவுசெய்து அப்படியே கேள். கைடு பார் முனையின் மேல்பகுதி எதிலாவது பட்டால், ஓடும் சங்கிலி அங்கே கடித்துக்கொண்டு, ரம்பத்தையே நம் முகத்தை நோக்கி எத்தித் தள்ளும். சிறியதுதானே என்று ஒரு கையால் ரம்பத்தையும் மறு கையால் கிளையையும் பிடிக்கத் தோன்றும். அதை ஒருபோதும் செய்யாதே. ஏணியில் நின்று இயக்கவே கூடாது. தரையிலோ மாடியிலோ உறுதியாக நின்று, தோள் உயரத்துக்குள் எட்டுவதை மட்டும் அறு. வேட்டியும் தோள் துண்டும் வேண்டாம், கால்சட்டையும் கண்ணாடியும் அணிந்துகொள். சங்கிலியைத் தொடுவதற்கு முன் பேட்டரியைக் கழற்றி வைத்துவிடு. மின்கம்பி அருகில் உள்ள கிளைகளை மின்வாரியத்து ஆட்களிடம் விட்டுவிடு.

பராமரிப்பு எளிது. புதுச் சங்கிலி விரைவில் தளரும். என்னுடையது இரண்டாம் நாளே தடத்தைவிட்டு நழுவியது. சில கிளைகளுக்கு ஒருமுறை எண்ணெய் விட வேண்டும். முருங்கையின் ஈர நார் பற்சக்கரத்தில் சுருண்டு அடைத்துக்கொள்வதால், மூடியைத் திறந்து சுத்தம் செய்யாமல் அடுத்த மரத்துக்குப் போகாதே. அறுக்கும்போது துருவலுக்குப் பதில் மாவுபோலத் தூள் கொட்டினால், பல் மழுங்கிவிட்டது என்று பொருள். பிட்ச், அதாவது கண்ணிகளின் இடைவெளி அளவு, கால் அங்குலமாக உள்ள என் சங்கிலிக்கு 4 மில்லிமீட்டர் உருண்டை அரம் பொருந்துகிறது.

உன் மாமரத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். மா தன் முற்றிய கிளை நுனிகளில்தான் பூக்கும் என்பதால், இப்போது நிறையக் கழித்தால் தை மாதத்துப் பூ குறைந்துவிடும். காய்ந்தவற்றையும் மாடிக்குள் நீண்டவற்றையும் மட்டும் இப்போது எடுத்துவிட்டு, மற்றவற்றை அறுவடை முடிந்து ஆடியில் பார்த்துக்கொள்ளலாம். ஐப்பசி பிறப்பதற்குள் ஒரு சனிக்கிழமை என் ரம்பத்தையும் அரத்தையும் எடுத்துக்கொண்டு வருகிறேன். அதற்குள் நீ சுண்ணாம்பால் குறியிட்டு வை. இருவரும் ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டு முருங்கையிலிருந்து தொடங்குவோம்.

என்றும் அன்புடன்,
உன் நண்பன்