குளம்பி கேட்ட நண்பருக்கும் நம் வட்டத்தாருக்கும்

அன்புள்ள இலக்கிய வட்டத்து நண்பர்களுக்கு,

போன ஞாயிறு கூட்டம் முடிந்து பாளையங்கோட்டையில் டீக்கடைக்குப் போனோமே, அங்கே நம்மில் ஒருவர் "குளம்பி மூன்று" என்றார். மாஸ்டர் என்னைப் பார்த்தார். "அண்ணாச்சி, சார் என்ன கேக்காவ?"

"காப்பிதான்" என்றேன். தமிழருக்கும் தமிழருக்கும் நடுவில் துபாஷி வேலை பார்த்தது எனக்கு அதுதான் முதல் தடவை.

புதுச் சொல்லே கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. மறைமலையடிகள் 1916-இல் தனித்தமிழ் இயக்கத்தைத் தொடங்கிய காலத்தில் தலைவர் 'அக்கிராசனர்', வேட்பாளர் 'அபேட்சகர்', செயலாளர் 'காரியதரிசி'. இன்று அவற்றைச் சொன்னால் நம் பிள்ளைகள் முழிப்பார்கள். வேட்பாளர் என்ற சொல் மேடையிலும் சுவரிலும் ஓயாமல் புழங்கியது, கேட்டதுமே பொருளும் பிடிபட்டது, நின்றுவிட்டது. பேருந்தும் பலகையில் ஏறிவிட்டது. வாய் மட்டும் இன்னும் பஸ் என்கிறது. அதனால் யாரும் வண்டியைத் தவறவிடவில்லை.

என் வருத்தம் வேறு. அதே கடை வாசலில் ஓர் ஆச்சி, படியில் ஓடிய பேரனிடம் "பைய எறங்குல" என்றார். மெல்ல இறங்கு என்று அர்த்தம். "இதென்ன பட்டிக்காட்டுப் பேச்சு" என்று நம்மவர் சிரித்தார். ஒரு மணி நேரத்துக்கு முன்னால் 'பசையினள் பைய நகும்' என்று 1098-ஆம் குறளை உருகி உருகி விளக்கியவரும் அவரேதான். வள்ளுவர் சொன்னால் இலக்கியம், ஆச்சி சொன்னால் கொச்சையா?

சோற்றுக்கும் இதே கதி. புறநானூற்றின் இரண்டாம் பாட்டில் வரும் சேரனுக்குப் பெயரே பெருஞ்சோற்று உதியன் சேரலாதன். நம் ஆண்டுவிழாப் பந்தியிலோ "கொஞ்சம் சாதம் போடுங்க". (நானும் அப்படித்தான் கேட்டேன், மறைப்பானேன்.)

ஆகவே ஒரு விண்ணப்பம். அகராதியைப் புரட்டி ஆளை அசத்துகிற வேலையைக் கொஞ்ச நாள் நிறுத்திவைப்போம். அடுத்த கூட்டத்துக்கு ஆளுக்கொரு சொல்லைத் தெருவிலிருந்தோ வீட்டு அடுப்படியிலிருந்தோ கொண்டுவருவோம். பனையேறுகிற ஒருவரிடம் பேச்சுக் கொடுத்தால் போதும். ஒரே ஓலைக்குக் குருத்தோலை, சாரோலை, காவோலை என்று வயசுக்கொரு பெயர் சொல்வார். எந்தச் சொல்லாக்கக் குழுவும் கூடி உண்டாக்கியதில்லை அவை.

கூட்டம் முடிந்ததும் அதே கடைக்குப் போவோம். காப்பி என்றே கேட்போம். காசு நான் கொடுக்கிறேன்.

இப்படிக்கு,
கடைசி வரிசையில் உட்காரும் ஆசாமி