467ஆம் நாளில் பிறந்தவர் யார்?

ஆசிரியர் அவர்களுக்கு,

எங்கள் பக்கத்து வளவுப் பிள்ளை ஒருத்தி ஒரு கொடுப்பனவு விண்ணப்பத்துக்காக மூன்று நாள் அலுவலகத்துக்கு அலைந்தாள். மூன்றும் கச்சான் பிடுங்குகிற நாட்கள். கூலியும் போச்சு, பஸ் காசும் போச்சு. மூன்றாம் நாள் பின்னேரம் என் படலையடியில் வந்து நின்று தாளை நீட்டினாள்.

"ஐயா, என்ரை ஐ.சி. நம்பரிலை ஆளே இல்லையாம்."

அவளுடையது இலங்கையின் பழைய தேசிய அடையாள அட்டை: 9 இலக்கமும் கடைசியில் ஒரு எழுத்தும். முதல் இரண்டு இலக்கம் பிறந்த ஆண்டு. அடுத்த மூன்றும் அந்த ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது. பெண் என்றால் அதனோடு 500ஐக் கூட்டியிருக்கும். பெப்ரவரிக்கு எப்போதும் 29 நாள் கணக்கு. அவளின் அட்டையில் 647, அதாவது 147ஆம் நாள், மே 26. தாளில் யாரோ எழுதியிருந்தது 467. ஆண்களுக்கு 366ஐத் தாண்டாது, பெண்களுக்கு 501இல்தான் தொடங்கும். 467இல் பிறந்த மனிசர் இந்த நாட்டிலேயே இல்லை! எழுதியவர் ஒருக்கால் நிமிர்ந்து பார்த்திருந்தால் அங்கேயே பிடிபட்டிருக்கும்.

அலுவலகம் எது என்று நான் எழுதவில்லை. அங்குள்ள பிள்ளைகளைக் குறைசொல்வதும் என் நோக்கமல்ல. வரிசை நீளம், நடுவில் போன் அடிக்கும், பக்கத்து மேசைக்காரர் ஏதோ கேட்பார். கவலையீனம் நல்ல வேலைக்காரருக்கும் வரும். எனக்கு வந்தது.

1996இல் இடம்பெயர்ந்து மல்லாவிப் பக்கம் இருந்தபோது ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் எழுதுவினைஞராக இருந்தேன். நிவாரண அட்டைகளைப் பதிவேட்டில் பார்த்து எழுதுவது என் வேலை. என் கையெழுத்தில் 7க்கும் 1க்கும் பெரிய வித்தியாசம் கிடையாது. ஏழு பேர் உள்ள ஒரு வீட்டுக்கு ஒருவருக்கான அரிசி அளக்கப்பட்டது. அந்த அம்மா சத்தம் போடவில்லை. அட்டையை என் மேசையில் வைத்து, "மற்ற ஆறு பேரும் எங்கை தம்பி?" என்று மட்டும் கேட்டா. திருத்தம் அடுத்த பங்கீட்டில்தான் ஏறியது. அன்றிலிருந்து என் 7க்கு நடுவில் ஒரு குறுக்குக் கோடு உண்டு. பால்காரனுக்கு எழுதும் துண்டிலும் போடுகிறேன், வீட்டில் சிரிக்கிறார்கள்.

எங்கள் முகாமையாளர் இரண்டு பழக்கம் வைத்திருந்தார். கணக்கு இடித்தால் வித்தியாசத்தை ஒன்பதால் பிரிக்கச் சொல்வார். மிச்சமில்லாமல் பிரிந்தால், பெரும்பாலும் எங்கோ இரண்டு இலக்கம் இடம்மாறியிருக்கும். 647இல் 467ஐக் கழித்துப் பாருங்கள்: 180, ஒன்பதால் பிரித்தால் மிச்சமில்லாமல் 20. மற்றது, எழுதினவர் தன் எழுத்தைத் தானே சரிபார்க்கக்கூடாது. கண்ணுக்குத் தாளில் உள்ளது தெரியாது, மனதில் உள்ளதுதான் தெரியும். ஒருவர் வாசிக்க, மற்றவர் சிவப்புப் பென்சிலால் சரி போடுவார். இலக்கங்களை ஒவ்வொன்றாக வாசிக்கவேண்டும். "அறுநூற்று நாற்பத்தேழு" என்று ஓடவிட்டால் ஏசுவார்.

இப்போது இரண்டாவது ஆளுக்கு எங்கே போவது என்று கேட்பார்கள். மேசைக்கு முன்னால் நிற்கிறாளே, அவளுடைய அட்டையை அவள் கையிலேயே கொடுத்து, "ஆறு, நாலு, ஏழு, சரியோ பிள்ளை?" என்று கேட்டால் அரை நிமிடம். சனமும் தாளைக் கொடுத்துவிட்டுப் பேசாமல் நிற்காமல், "ஒருக்கா வாசியுங்கோ" என்று கேட்கவேண்டும். கேட்டால் கோபிப்பார்களோ என்ற பயத்தில்தான் பலர் வாய் திறப்பதில்லை. அவளும் அப்படித்தான் நின்றிருக்கிறாள். நாலாம் முறை நானும் கூடப் போனேன். திருத்தி முடிய பத்து நிமிடம்கூடச் செல்லவில்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கூட்டுறவு எழுதுவினைஞர்,
விசுவமடு.