வாலை விட்டுவிடச் சொல்: ஸ்பிரிங்கர் குட்டிக்குக் காத்திருக்கும் தம்பிக்கு

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. இன்னும் மூன்று வாரத்தில் ஈனவிருக்கும் இங்கிலிஷ் ஸ்பிரிங்கர் ஸ்பானியல் என்ற வேட்டை நாயின் குட்டிகளுள் ஒன்றுக்குச் சொல்லிவைத்திருக்கிறாய் என்பதில் எனக்கும் மகிழ்ச்சி. வாலை வெட்டச் சொல்லவா, விட்டுவிடச் சொல்லவா என்று வளர்ப்பாளர் கேட்டதற்கு உடனே பதில் சொல்லாமல் எனக்கு எழுதினாயே, அது நல்லதாயிற்று. விட்டுவிடச் சொல் என்பதே என் பதில். ஆனால் அதற்கு நேர்மாறாகப் பேசுகிறவர்களின் வாதம் வெறும் பிடிவாதமன்று என்பதால், நான் இந்த முடிவுக்கு எப்படி வந்தேன் என்பதைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைக் கவனி. இந்த வெட்டு குட்டி பிறந்த சில நாட்களுக்குள் செய்யப்படுவது. இங்கிலாந்துச் சட்டத்தில் ஐந்து நாள் என்பது எல்லை. அதையும் கால்நடை மருத்துவர்தாம் செய்ய வேண்டும். பெரும்பாலும் மயக்க மருந்து இல்லாமலே கத்தரிக்கப்படுகிறது. குட்டியின் கண் திறக்கவே பத்து நாளுக்கு மேல் ஆகும். ஆகவே, எந்தக் குட்டி புதரைக் கண்டதும் பாயும், எந்தக் குட்டி வீட்டு விரிப்பிலேயே ஆயுளைக் கழிக்கும் என்று ஒருவருக்கும் தெரியாத நாளில் இது முடிவாகிவிடுகிறது. நீ ஏழெட்டு வாரம் கழித்துப் போய்க் குட்டியைப் பார்க்கும்போது தேர்ந்தெடுக்க மிச்சம் ஒன்றும் இராது. உன்னிடம் முன்கூட்டியே கேட்டிருப்பது அதனால்தான். கேட்காமலே ஓர் ஈற்றுக் குட்டிகள் அத்தனைக்கும் வெட்டிவிடுகிறவர்களே அதிகம்.

இனி, வெட்டுவோர் தரப்பு. ஸ்பானியல் வேலை செய்வதை நீ நேரில் பார்த்ததில்லை என்று நினைக்கிறேன். துப்பாக்கி வேட்டையில் முட்புதருக்குள் புகுந்து பதுங்கியிருக்கும் பறவையைக் கிளப்புவது அதன் தொழில். மோப்பம் பிடித்துவிட்டால் வாலை முதுகு மட்டத்துக்குத் தாழ்த்திப் பக்கவாட்டில் இடைவிடாமல், கண்ணுக்குப் பிடிபடாத வேகத்தில் அடித்துக்கொண்டே போகும். அந்த அடி முழுவதும் முள்ளிலும் சுள்ளியிலும் விழுகிறது. வால் நுனியில் தோல் மெல்லியது, சதையும் இல்லை. கிழிந்தால் இரத்தம் தெறிக்கும். கட்டுப் போட்டாலும் மகிழ்ச்சியில் ஆட்டி உதறிவிடும். பொருக்கு கட்டிய புண் அடுத்த ஆட்டலில் மறுபடி திறந்துகொள்ளும். கடைசியில் வளர்ந்த நாயின் வாலை முழு மயக்கத்தில் துண்டிக்க நேர்ந்தால், அது ஐந்து நாள் குட்டிக்குச் செய்வதைவிடப் பெரிய அறுவை, ஆறுவதற்கும் நாளாகும். லாப்ரடாருக்கும் செட்டருக்கும் ஏன் வெட்டுவதில்லை என்று கேட்டால், லாப்ரடார் பெரும்பாலும் காத்திருந்து சுட்டதை எடுத்து வருகிற நாய், செட்டர் திறந்த வெளியில் ஓடுகிற நாய் என்று அவர்கள் விடை சொல்வார்கள். முட்புதர் வழியே ஓடும் நரிவேட்டை நாய்கள் நீண்ட வாலோடுதானே இருக்கின்றன என்றால், அவை வாலை மேலே தூக்கியபடி ஓடுகின்றன என்பார்கள். இந்த விடைகளை நான் தள்ளிவிடுவதில்லை.

எண்கள்தாம் குழப்புகின்றன, ஏனெனில் ஒன்றுக்கொன்று முரண்படுவதுபோல் தோன்றும். பிரிட்டனில் 52 கால்நடை மருத்துவமனைகளின் பதிவுகளைக் கொண்டு 2010இல் வெளிவந்த ஆய்வில், ஏறத்தாழ 1,38,000 நாய்களுள் வாலில் காயத்தோடு வந்தவை 281 மட்டுமே. ஒரு காயத்தைத் தடுக்க ஏறக்குறைய 500 நாய்களின் வாலை வெட்ட வேண்டியிருக்கும் என்று அதில் கணக்கிட்டார்கள். கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தார் ஸ்காட்லாந்தில் வேலை செய்யும் நாய்களின் உரிமையாளர்களிடம் இணையவழியாகக் கேட்டு 2014இல் வெளியிட்ட ஆய்விலோ, வால் வெட்டப்படாத ஸ்பானியல்களுள் 56.6 விழுக்காடு ஒரே வேட்டைப் பருவத்தில் ஒருமுறையேனும் காயம்பட்டதாகத் தெரியவந்தது. இரண்டும் பொய்யல்ல. முன்னது எல்லா வகை நாய்களையும் சேர்த்து, மருத்துவரிடம் வந்த காயங்களை மட்டும் எண்ணியது. பின்னது முள்ளுக்குள் உழைக்கும் நாய்களை எடுத்துக்கொண்டு, வீட்டிலேயே ஆறிப்போன கீறலையும் எண்ணியது. தம் நாய் காயம்பட்டுக் கண்டவர்தாம் இப்படிப்பட்ட கேள்விகளுக்கு முந்திக்கொண்டு பதில் எழுதுவார் என்பதையும் நீ சேர்த்துப் பார்க்க வேண்டும். அதே 2014இல் ஸ்காட்லாந்தின் மருத்துவமனைப் பதிவுகளை ஆராய்ந்த மற்றோர் ஆய்வு, ஒரு ஸ்பானியலின் வால் பிற்பாடு துண்டிக்கப்படாமல் தடுக்க 320 ஸ்பானியல் குட்டிகளுக்கு வெட்ட வேண்டும் என்றது. எனக்கு இந்தக் கடைசி எண்தான் தூக்கலாகத் தெரிகிறது. மேலே சொன்ன அந்தப் பெரிய அறுவையைக் காட்டித்தானே வெட்டுக்கு வாதாடுகிறார்கள்?

உன் வாழ்க்கையை இந்த எண்களுக்குப் பக்கத்தில் வைத்துப் பார். நீ துப்பாக்கி தொடாதவன். காலையும் மாலையும் நீண்ட நடை, விடுமுறையில் மலைப்பாதை, ஏரியில் நீச்சல் என்றுதான் எழுதியிருந்தாய். அப்படியிருக்க, வேட்டைக்களத்தின் ஆபத்தைக் காட்டி உன் குட்டியின் வாலை எடுப்பது, கப்பலேறாதவனுக்குக் கடற்பயணக் குமட்டலுக்கு மருந்து கொடுப்பது போன்றது.

அந்த வாலுக்கும் வேலை உண்டு. திரும்பும்போதும் நீந்தும்போதும் உடலை நிலைப்படுத்த உதவுகிறது என்பதோடு, மற்ற நாய்களோடு பேசும் கருவியும் அதுவே. கனடாவின் விக்டோரியா பல்கலைக்கழகத்தில், தொலைவிலிருந்து இயக்கக்கூடிய பொம்மை நாய் ஒன்றுக்கு நீண்ட வாலையும் குட்டை வாலையும் மாற்றி மாற்றிப் பொருத்திப் பார்த்தார்கள். நீண்ட வால் ஆடியபோது மற்ற நாய்கள் தயங்காமல் அருகில் வந்தன. அது அசையாமல் நின்றபோது தயங்கின. குட்டை வால் ஆடினாலும் ஆடாவிட்டாலும் அவற்றுக்கு வேறுபாடு தெரியவில்லை. 2008இல் இது வெளிவந்தபோது நான் வியப்படையவில்லை. என் முதல் ஸ்பிரிங்கருக்கு இரண்டு விரல் நீளமே வால் இருந்தது. அது பின்பாதி முழுவதையும் ஆட்டித் தன் நல்லெண்ணத்தைக் காட்டும். எதிரில் வரும் நாய் அதைப் புரிந்துகொள்ளாமல் விறைத்து நிற்கும். இரண்டாவது முழு வாலோடு வந்தது. அதன் மனநிலையை அடுத்த அறையிலிருந்தே, கதவில் வால் படும் ஓசையை வைத்தே சொல்லிவிடுவேன்.

அந்த ஓசை குறித்து ஓர் எச்சரிக்கையும் உண்டு. மேலே சொன்ன 2010ஆம் ஆண்டு ஆய்விலேயே, வால் காயங்களில் மூன்றில் ஒன்றுக்கு மேல் வீட்டுக்குள் சுவரிலும் சாமான்களிலும் மோதியதால் ஏற்பட்டவை. கதவிடுக்கில் சிக்கியவையும் குறைவில்லை. கூண்டறையில் அடைத்து வளர்ப்பவற்றுக்கும், வாலை அகலமாக வீசுபவற்றுக்கும் காயம் அதிகம். ஸ்பிரிங்கர் அகலமாகவே வீசும். எனவே நாய் படுக்கும் இடம் அது திரும்பி ஆடப் போதுமான அகலத்தோடு இருக்கட்டும். கார்க் கதவைச் சாத்துமுன் வால் எங்கே என்று பார். புதர்ப்பக்கம் போய் வந்தால் நுனியின் மயிரை விலக்கி விரலால் தடவிப் பார். சிறு கீறலாக இருக்கும்போதே கவனித்தால் பெரும்பாலும் அதோடு முடிந்துவிடும்.

தோற்றம் பற்றி உன் வீட்டார் சொன்னதாக எழுதியிருந்தாயே, “ஸ்பிரிங்கர் என்றால் குட்டை வால்தானே” என்று, அது நூறாண்டுகளாகப் படங்களில் பார்த்துப் பழகிய கண்ணின் பேச்சு. நாய் இனங்களைப் பதிவுசெய்யும் அமைப்பான பிரிட்டனின் கென்னல் கிளப் தன் இன வரையறையில் ‘முன்பு வழக்கமாக வெட்டப்பட்டது’ என்று மட்டும் குறித்துவிட்டு, முழு வாலுக்கும் இலக்கணம் எழுதியிருக்கிறது. முதல் நூற்றாண்டு ரோமானியர் ஒருவர், நாற்பது நாள் குட்டியின் வால் நுனியைப் பல்லால் கடித்தெடுத்தால் நாய்க்கு வெறி பிடிக்காது என்று எழுதிவைத்தார். காரணம் காலந்தோறும் மாறியிருக்கிறது. வெட்டு மட்டும் மாறவில்லை.

சட்டத்தையும் பார்த்துக்கொள். நார்வே 1987இலேயே தடுத்துவிட்டது, நியூசிலாந்து 2018இல். ஜெர்மனி வேட்டைக்குப் பயன்படும் நாய்களுக்கு மட்டும் விலக்கு அளிக்கிறது. ஸ்காட்லாந்து 2007இல் முழுத் தடை விதித்து, பத்தாண்டு கழித்து, வேலைக்குப் போகும் ஸ்பானியல்களுக்கும், வேட்டைப் பறவை இருக்கும் இடத்தை நின்று காட்டி, சுட்டதை எடுத்தும் வரும் இனங்களுக்கும் வாலின் கடைசி மூன்றில் ஒரு பங்கை மட்டும் எடுக்கலாம் என்று தளர்த்தியது. இங்கிலாந்தில் நாய் வேலைக்குத்தான் போகும் என்பதற்குச் சான்று காட்டினாலொழிய மருத்துவர் கத்தரியை எடுக்கக் கூடாது. வாங்குபவரின் விருப்பம் என்ன என்ற கேள்விக்கு அங்கே இடமே இல்லை.

ஒருவேளை நீ மனம் மாறி, பருவந்தோறும் முட்காட்டில் வேலை வாங்குவதற்கென்றே நாய் வளர்ப்பதாக இருந்தால், என் பதிலும் மாறியிருக்கும்: சட்டம் இடங்கொடுக்கும் ஊரில், மருத்துவர் கையால், கடைசி மூன்றில் ஒரு பங்கு மட்டும். வீட்டிலேயே ரப்பர் வளையம் மாட்டி உதிர வைத்துவிடுவோம் என்று எந்த வளர்ப்பாளராவது சொன்னால், வால் இருக்கட்டும், அவரிடம் குட்டியே வாங்காதே.

பேச்சோடு விட்டுவிடாமல் வளர்ப்பாளருக்கு இந்த வாரமே எழுத்தில் தெரிவித்துவிடு. சொன்ன நாளுக்குச் சில நாள் முந்தியும் தாய் ஈன்றுவிடலாம். அதன்பின் உனக்கு ஐந்து நாளும் முழுதாகக் கிடைக்காது. மற்றவற்றுக்கு வெட்டினாலும் உன் குட்டிக்கு அடையாளமாகக் கழுத்தில் வண்ண நூல் ஒன்று கட்டி ஒதுக்கிவைக்கச் சொல்.

அன்புடன்,
உன் அண்ணன்